எம், என், ஏ என்று போட்ட கதவு யாருக்கு? அவசரம்!

கால்வே புதுமுகம்:
வணக்கம். அயர்லாந்து வந்து மூன்றே நாள். நேற்று ஸ்பிடல் ஊரில் ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டுக் கழிவறைப் பக்கம் போனால் இரண்டு கதவு, படம் கிடையாது. ஒன்றில் எம், என், ஏ, அந்த ஏ தலையில் ஒரு கோடு. மற்றதில் எஃப், ஐ, ஆர். மேன் என்பதைத்தான் மாற்றி எழுதியிருக்கிறார்கள், எஃப் ஃபீமேல் என்று நானே முடிவு பண்ணி ஒன்றைத் தள்ளினேன். உள்ளே ஒரே கூச்சல். நாளைக்கு ஆபீஸ் ஆட்களோடு அதே கடை. நான் எதில் போவது?

டப்ளின் பழசு:
தம்பி, இதெல்லாம் ஒரு பிரச்சினையா? குடிவரவுப் பதிவு அட்டைக்கு நேரம் வாங்கியாச்சா, 300 யூரோ தனியா எடுத்து வைங்க. நான் வந்த புதுசில் பஸ் நெற்றியில் "அன் லார்" என்று பார்த்து, அப்படி ஓர் ஊர் இருக்கிறது என்று ஒரு மாதம் நம்பினேன். ஐரிஷ் மொழியில் நகர மையமாம்!

கார்க் அக்கா:
எம் என் ஏவும் ஐரிஷ்தான், "ம்னா", பெண்கள். ஒருத்தி என்றால் "பான்", பன்மையில் ஆளே மாறிவிடும். கைனகாலஜியில் இருக்கிற கிரேக்கச் சொல்லும் ஆங்கிலக் குவீனும் இதற்குச் சொந்தம். பெண்பால் சொல் என்பதால் முன்னால் ஆங்கில "தி" மாதிரியான "அன்" வந்தால் பான் "வான்" ஆகும். "அந்தப் பெண்ணுடைய" என்றாலும் "ம்னா"தான், முன்னால் "அன்"னுக்குப் பதில் "ந" சேரும்.

கானமாரா மழை:
அக்கா, ம்னா இல்லை, ம்ரா. இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கார்க் அக்கா:
எழுத்தில் என் தானே இருக்கிறது?

லிமரிக் ராத்திரி ஷிஃப்ட்:
இரண்டுமே சரி. தெற்கே மன்ஸ்டர் மாகாணத்தில் ம்னா, மேற்கே கானாக்ட் மாகாணத்தில் ம்ரா. எஃப் ஐ ஆர் "ஃபிர்", ஆண்கள். ஒருத்தன் என்றால் "ஃபார்". நம்ம வீரன் வந்த வடமொழி வீரவும் இதுவும் ஒரே வேர்.

டப்ளின் பழசு:
வேர் இருக்கட்டும், வீட்டு வாடகையைப் பற்றி யாராவது பேசுங்கப்பா. போன வருஷம் பார்த்த அறையில் கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது.

கானமாரா மழை:
கதவு இருந்ததே, அதைச் சொல்லுங்க. எனக்குக் கிடைத்தது திரைச்சீலை.

லிமரிக் ராத்திரி ஷிஃப்ட்:
அட, கேட்ட ஆள் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கவே இல்லையே! எம் என்றால் மகளிர், அதை மட்டும் மனசில் வைங்க.

கால்வே புதுமுகம்:
பெண்தான். நான் தள்ளியது எஃப். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள், அதில் ஒருத்தர் எங்க மேனேஜர்.