கலைச்சொல்: ‘இருபுல மேனி’ சரியாக வருமா?

அனைவருக்கும் வணக்கம்.

மிகைமெய்ம்மையில் (augmented reality: நேரில் காணும் உலகின்மேல் கணினிக் காட்சியைச் சேர்த்துக் காட்டும் நுட்பம்) கண்ணாடி வழியே தெரியும் பரப்பும் விரலில் அதிரும் பரப்பும் சேர்ந்து ஒரே பரப்பாக உணரப்படுவதற்குப் பெயர் கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்த மூன்று பரிந்துரைகளிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. அவற்றுக்குப் பதில் ‘மேனி’ (மேற்பரப்பின் தன்மை) என்ற சொல்லை வைக்கலாம் என்பேன்.

முதலில் ‘காட்சித்தொடு இழைநயம்’. துணிக்கு இது பொருந்தும். கீழக்கரையில் பாலிஷ் போடாத சங்கு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்புத் தோல் காய்ந்து செதில் செதிலாக எழும்பி நிற்கும், நகத்தால் சுரண்டினால் அடியில் வெள்ளையாக, வழவழவென்று இருக்கும். இதில் இழை எங்கே? மேனி என்றால் சங்கு, சுறாத்தோல், பவளம் எல்லாவற்றுக்கும் ஆகும். விளைச்சலையும் மேனி என்பார்கள்தான். ஆனால் அது வயல் பேச்சு, இங்கே குழப்பாது.

‘கண்ணூறு’ கேட்க அழகாக இருக்கிறது. தொடுவுணர்வுக்கு ஊறு பழைய சொல். தொல்காப்பியமும் ஓரறிவை உற்றறிவது என்றே சொல்கிறது. ஆனால் எங்கள் பக்கம் கண்ணூறு என்றால் கண்திருஷ்டி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிற விஷயம். தனியாக ஊறு என்றாலும் இன்று தீங்குதான் நினைவுக்கு வரும். வேண்டாம் ஐயா.

மூன்றாவது, ‘கூட்டுப்பரப்பு’. இங்கேதான் எனக்குப் பெரிய தடை. நடப்பது கூட்டல் இல்லை. கண்ணுக்கு ஒரு பரப்பையும் விரலுக்கு வேறொன்றையும் கொடுத்து உளவியல் ஆய்வாளர்கள் லெடர்மனும் அபட்டும் 1981இல் சோதித்தார்கள். பார்த்துத் தொட்டவர்கள் சொன்ன விடை இரண்டுக்கும் இடைப்பட்டதாக வந்தது. 2002இல் புலனுணர்வு ஆய்வாளர்கள் எர்ன்ஸ்டும் பேங்ஸும் ஒரு மேட்டின் உயரத்தை வைத்து இன்னும் தெளிவாகக் காட்டினார்கள்: எந்தப் புலன் அப்போது நம்பகமோ அதற்கு மூளை அதிக எடை தருகிறது. காட்சியைக் கலங்கலாக்கினால் விரலின் பேச்சு எடுபடும்.

வெறும் கூட்டல் இல்லை என்பதற்கு இன்னொரு காரணம். நுண்ணிய சொரசொரப்பு விரல் நகரும்போதுதான் தெரியும். தோலுக்கு அடியில் அதிர்வை உணரும் பாசினி நுண்ணுறுப்புகள் 250 ஹெர்ட்ஸ் பக்கம் மிகக் கூர்மையானவை. அதனால் விரலில் மாட்டும் அதிர்வி விரலின் வேகத்துக்கு ஏற்ப மாற வேண்டும். விரல் நின்றதும் அதிர்வும் நிற்க வேண்டும். மிகைமெய்ம்மையில் நம் சொந்த விரலே கண்முன் தெரிகிறது. அதிர்வு பிந்தினால் பரப்பே வேறு மாதிரிப் படும்.

ஆகவே என் முன்மொழிவு ‘இருபுல மேனி’. கண்ணுக்கு மட்டும் என்றால் காண்மேனி, விரலுக்கு மட்டும் என்றால் தொடுமேனி. உரசும் ஓசையும் சேர்ந்தால் முப்புல மேனி என்று நீட்டிக்கொள்ளலாம். அப்புறம், சொரசொரப்பு, வழவழப்பு, பிசுபிசுப்பு ஆகியவற்றை அப்படியே அளவுப் பெயர்களாக வைத்துக்கொள்வோம். அவற்றுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம்.

இது எனக்கு வெறும் அகராதி வேலை அல்ல. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது. பவளமும் கடல் அட்டையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. எங்கள் பிள்ளைகள் அவற்றைத் தொட்டுப் படிக்க முடியாது. கையில் ஒரு பிளாஸ்டிக் அச்சு, கண்ணில் பவளத்தின் காண்மேனி, விரலில் அதன் தொடுமேனி என்று கொடுத்துவிட முடியும். அந்தப் பாடத்தைத் தமிழில் எழுத எனக்கு இந்தச் சொல் வேண்டும். மேனியைவிடப் பொருத்தமான சொல் மண்டபம், பாம்பன் பக்கத்து மீனவர் பேச்சில் இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.