எண்ணெய் பாய்லரை மாற்றியவர்கள் வாருங்கள், பட்டதைச் சொல்லுங்கள்

பராமரிப்பு ஆள்:

ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் பராமரிப்பு என் பொறுப்பு. அடித்தளத்தில் டீசலில் ஓடும் இரண்டு பாய்லர்கள், இரண்டும் முப்பது வயதைத் தாண்டியவை. ஒருநாள் ஒன்றின் முன்கதவு கேஸ்கெட் எரிந்துபோய் அறை முழுக்கக் கரி. அதற்கு முன்பும் நாசில் மாற்றுவது, கம்பி பிரஷ் விட்டுக் குழாய்களைச் சுரண்டுவது என்று ஒப்பேற்றிக்கொண்டுதான் இருந்தோம். புகைபோக்கியில் தெர்மாமீட்டரைச் செருகினால் 290 டிகிரி காட்டும். புகையின் சூடு 20 டிகிரி ஏறினால் எண்ணெயில் ஏறக்குறைய ஒரு சதவீதம் வீண் என்பார் எங்கள் பழைய ஃபோர்மேன். அந்தக் கணக்கில் நாங்கள் கட்டடத்தோடு சேர்த்து வானத்தையும் சூடாக்கிக்கொண்டிருந்தோம்.

மாற்றிவிடலாம் என்று முடிவானதும் மூன்று கான்ட்ராக்டர்கள் வந்தார்கள். மூன்று பேரும் பாய்லரின் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய், அதே அளவில் இரண்டு புது பாய்லருக்கு விலைப்புள்ளி அனுப்பினார்கள். இந்தக் கட்டடத்துக்கு உண்மையில் எவ்வளவு சூடு வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பர்னர் பேனலில் ஓடிய நேரத்தைக் காட்டும் சின்ன மீட்டர் இருக்கும், யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் ஷிப்ட் பையன் ஒருவன் மட்டும் வேலையில்லாத நேரத்தில் அதைத் தினமும் நோட்டில் குறித்து வைத்திருந்தான். புரட்டிப் பார்த்தால், இருப்பதிலேயே குளிரான வாரத்தில்கூட ஒரே ஒரு பாய்லர், அதுவும் நாளைக்கு 9 மணி நேரம்தான் எரிந்திருக்கிறது. பர்னர் மணிக்கு 80 லிட்டர் குடிக்கும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் வெப்பம், அதில் எண்பது சதவீதம் தண்ணீருக்குப் போனால் 640 கிலோவாட். 9 மணி நேரத்தை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் சராசரி 240 கிலோவாட். அங்கே நிற்பதோ இரண்டும் சேர்ந்து 1,280! காலையில் குளிர்ந்து கிடக்கும் கட்டடத்தைச் சூடாக்கக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்று வைத்துக்கொண்டு, 150 கிலோவாட் கேஸ் பாய்லர் மூன்று போட்டோம். ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் இழுத்துவிடும். இப்போது இரண்டாவது குளிர்காலம் ஓடுகிறது, மூன்றும் சேர்ந்து முழுமூச்சில் எரிந்ததை நான் இதுவரை பார்க்கவில்லை.

மற்றவர்களும் எழுதுங்கள். நன்றாக முடிந்ததைவிடச் சொதப்பியதைத்தான் படிக்க ஆசை.

ஹோட்டல் இன்ஜினியர்:

சொதப்பல் வேண்டுமென்றால் நான் முதலில் வருகிறேன் அண்ணா. எங்களுடையது ஃபர்னஸ் ஆயிலில் ஓடிய நீராவி பாய்லர். அறைகளுக்குச் சுடுதண்ணீர், ஹீட்டிங் எல்லாம் அந்த நீராவியிலிருந்துதான். நீராவியே வேண்டாம், சுடுதண்ணீர் பாய்லராகப் போடலாம், இழப்பு குறையும், நீராவிக் குழாயில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் டிராப்களைப் பராமரிக்கும் தலைவலியும் போகும் என்று ஆலோசகர் சொன்னார். சொன்னது சரிதான். பழையதைப் பிடுங்கிய மறுநாள் காலையில் லாண்டிரி மேற்பார்வையாளர் என் அறை வாசலில் வந்து நின்றார், கையில் ஈரப் படுக்கை விரிப்பு. பெரிய உருளையில் விரிப்புகளை இஸ்திரி போடும் மெஷினுக்கு நீராவி வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. வரைபடத்தில் லாண்டிரி லைன் வேறு தாளில் இருந்தது, அந்தத் தாள் ஆலோசகருக்குப் போகவே இல்லை.

மூன்று வாரம் துணியெல்லாம் வெளியே போய் வந்தது. பிறகு லாண்டிரிக்கென்று மின்சாரத்தில் ஓடும் சின்ன நீராவி ஜெனரேட்டர் ஒன்று போட்டோம். மருத்துவமனையில் இருப்பவர்கள் யாராவது படித்தால், ஸ்டெரிலைசர் எதில் ஓடுகிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். 134 டிகிரியில் வேலை செய்கிற அதற்குச் சுடுதண்ணீர் எதற்கும் உதவாது.

அப்புறம் சுடுதண்ணீர் டாங்கியின் சூட்டைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டாங்கி 60 டிகிரி, சுற்றி வந்து திரும்பும் தண்ணீர் 50க்குக் கீழே போகக் கூடாது. போனால் குழாயில் லெஜியோனெல்லா கிருமி குடியேறும்.

கழற்றுகிறவன்:

நான் பழைய பாய்லரை வெளியே எடுக்கிற பக்கம். என்னைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். புது பாய்லர் வாசலில் லாரியில் நிற்கும், பழையது உள்ளே அசையாமல் நிற்கும், அப்போதுதான் என் நம்பரைத் தேடுவார்கள்.

பல கட்டடங்களில் முதலில் பாய்லரைக் குழியில் இறக்கிவிட்டு அதன்மேல்தான் கட்டடத்தையே எழுப்பியிருப்பார்கள். வந்த வழி இப்போது கிடையாது. வார்ப்பிரும்புத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய பாய்லர் என்றால் பிழைத்தோம், ஆப்பு அடித்து ஒவ்வொரு துண்டாகப் பிரித்து மாடிப்படியிலேயே ஏற்றிவிடலாம். ஒரே உருளையாக இருக்கும் ஸ்டீல் பாய்லர் என்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். பூட்டிய அடித்தளத்தில், முப்பது வருஷ எண்ணெய் ஊறிய தரையில் கேஸ் கட்டிங் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருமுறை காலி என்று சொல்லப்பட்ட எண்ணெய்க் குழாயை என் ஆள் வெட்டினான். அதன் வளைவில் ஒரு டம்ளர் அளவுக்கு எண்ணெய் நின்றிருக்கிறது. சூடு பட்டதும் ஆவியாகி நீல ஜுவாலையாக வந்து அவன் புருவத்தைப் பொசுக்கிவிட்டுப் போனது, நல்லவேளை அதோடு நின்றது. அன்றிலிருந்து எண்ணெய் ஓடிய குழாய் எதையும் நான் நெருப்பால் வெட்டுவதில்லை. ஹாக்ஸா, இல்லையென்றால் சக்கரம் சுற்றும் கை பைப் கட்டர்.

இன்னொன்று. பாய்லர்மேலும் குழாய்மேலும் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசினமாதிரி கெட்டியாக ஒரு போர்வை இருந்தால் தொடாதீர்கள். பழைய பாய்லர் என்றால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. துண்டுகளுக்கு நடுவே வைத்த கயிறு கேஸ்கெட்டிலும் இருக்கும். முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள். இருக்கிறது என்று வந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் வந்து எடுத்து முடிக்கும்வரை என்னை உள்ளே கூப்பிடாதீர்கள். "கொஞ்சம்தானே தம்பி, தண்ணி தெளிச்சுட்டு உடைச்சுடு" என்று சொன்ன மேனேஜரையும் பார்த்திருக்கிறேன். வேலையே வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அட்மின் பிரிவில் இருந்தவள்:

எனக்கு பாய்லர் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் எண்ணெய் வாசனை பற்றி ஒரு புத்தகமே எழுதுவேன்.

நான் வேலை பார்த்த கட்டடத்தில் எண்ணெயை விட்டு கேஸுக்கு மாறினார்கள். பாய்லர் போனது, அடித்தளத்தில் நின்ற எண்ணெய் டாங்கியையும் வெட்டி எடுத்துப்போனார்கள், அந்த இடத்துக்குப் பெயிண்ட் அடித்து எங்கள் பழைய ஃபைல்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கினார்கள். தெருப்பக்கச் சுவரில் எண்ணெய் ஊற்றுகிற குழாயின் வாய் மட்டும், மூடி போட்டபடி அப்படியே இருந்தது. அதன் மறுமுனை அடித்தளச் சுவரில் திறந்து கிடந்தது, அதை மறைத்துக்கொண்டு எங்கள் பெட்டிகள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் காலை எட்டு மணிக்கு ஒரு டாங்கர் வந்தது. பக்கத்துக் கட்டடத்துக்கு வந்த லோடு, ஓட்டுநர் புதியவர். சுவரில் குழாய் வாயைப் பார்த்தார், ஹோஸை மாட்டினார், பம்பைப் போட்டார். டாங்கி நிரம்பும்போது காற்றுக் குழாயில் விசில் மாதிரிச் சத்தம் வருமாம், சத்தம் நின்றால் நிரம்பிவிட்டது என்று அர்த்தமாம். அன்று விசிலே வரவில்லை. என்னடா இது என்று அவர் யோசித்து நிறுத்துவதற்குள் இரண்டு நிமிஷம், 600 லிட்டருக்கு மேல்.

நான் லிஃப்டில் கால் வைத்தபோதே மூக்கில் ஏறியது. லிஃப்ட் குழி வழியாக வாசனை ஐந்தாவது மாடிவரை போயிருந்தது. கீழே போய்ப் பார்த்தால் தரையில் சிவப்பும் பழுப்புமாக ஒரு குளம், பெட்டிகளின் அடி அட்டை எண்ணெயை உறிஞ்சி அந்தக் கறை பாதிவரை ஏறியிருந்தது. சாக்கடை வாயை மூட வேண்டும் என்று ஓடிய காவலாளி வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கான்கிரீட்டை இரண்டு அங்குலம் கொத்தி எடுத்தார்கள், வாசனை போகவில்லை. ஒரு வருஷம் கழித்து நான் அந்த வேலையை விட்டேன், மழைநாளில் அப்போதும் லிஃப்டில் டீசல் நாறும்.

ஒப்பந்தத்தில் "டாங்கி அகற்றல்" என்று இருந்ததாம், குழாய் என்று ஒரு வார்த்தைகூட இல்லையாம்.

பராமரிப்பு ஆள்:

அம்மாடி. இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது, நாளைக்கு வேலைக்குப் போனதும் எங்கள் சுவரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

சூடு சரிபார்ப்பவன்:

கேஸுக்கு மாறுகிற எல்லோரிடமும் கண்டன்சிங் பாய்லரை, அதாவது புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் பிடிக்கும் பாய்லரை, விற்கிறார்கள். பிரசுரத்தில் 105 சதவீதத் திறன் என்று போட்டிருக்கும். புகையிலுள்ள நீராவியின் வெப்பத்தைச் சேர்க்காமல் எரிபொருளை அளந்தால் நூறைத் தாண்டும், மாயமெல்லாம் இல்லை. ஆனால் அந்த நீராவி தண்ணீராகக் குளிர்ந்தால்தானே அந்தச் சூடு நமக்குக் கிடைக்கும்? அதற்கு பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். எண்ணெய் காலத்துக் கட்டடம் 80 டிகிரியில் அனுப்பி 65இல் திரும்ப வாங்கும்படி செட் செய்யப்பட்டது. புது பாய்லரைப் போட்டுவிட்டுப் பழைய செட்டிங்கை அப்படியே விட்டால், அது விலை கூடிய சாதாரண பாய்லர், அவ்வளவுதான். நான் பார்த்த ஒரு இடத்தில் முதல் வருஷம் முழுக்க வடிகுழாயில் ஒரு சொட்டுகூட வரவில்லை. "லீக்கே இல்லை சார்" என்று ஆபரேட்டர் பெருமையாகச் சொன்னார்!

பிறகு வெளிக் குளிருக்கேற்பத் தண்ணீரின் சூட்டை மாற்றும் கன்ட்ரோலை இயக்கினோம். பழைய ரேடியேட்டர்கள் பெரியவையாக இருந்ததால் பெரும்பாலான நாட்களில் 60 டிகிரியே போதுமாக இருந்தது. வடிகுழாயில் தண்ணீர் கொட்டியது. முதல் வாரம் மட்டும் கட்டடமே குளிர்ந்து எல்லோரும் என்னைத் திட்டினார்கள். வெளிச் சுவரில் சென்சாரை மாட்டியவர் அதைச் சமையலறை எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே மாட்டியிருந்தார். பாய்லரைப் பொறுத்தவரை வெளியே எப்போதும் கோடைக்காலம்.

வடிகிற அந்தத் தண்ணீர் அமிலம், பிஎச் 4 பக்கத்தில் இருக்கும். சுண்ணாம்புக்கல் அல்லது மார்பிள் சில்லு போட்ட டப்பா வழியாக விட்டுத்தான் சாக்கடைக்கு அனுப்ப வேண்டும். நேரே தரையில் விட்ட இடத்தில் சிமென்ட் அரித்துப் பள்ளம் விழுந்ததைப் பார்த்தேன். பழைய லைனில் இருக்கும் கறுப்புச் சேற்றையும் அலசாமல் புது பாய்லரை இணைக்காதீர்கள், உள்ளே வழி சின்னது, ஒரே சீசனில் அடைத்துக்கொள்ளும்.

சின்னதாக ஒன்று:

பாய்லரும் சுடுதண்ணீர் ஹீட்டரும் ஒரே செங்கல் புகைபோக்கியில் இருந்தன. பாய்லர் போனதும் ஹீட்டர் மட்டும் தனியாக அந்தப் பெரிய புகைபோக்கியில் மாட்டிக்கொண்டது. அத்தனை அகலத்தைச் சூடாக்க அதனால் முடியவில்லை, புகை மேலே ஏறாமல் அறைக்குள்ளேயே திரும்பியது. கார்பன் மோனாக்ஸைடு அலாரம் அடித்ததால் பிழைத்தோம். உள்ளே லைனர், அதாவது குறுகலான ஸ்டெயின்லெஸ் குழாய், விட்ட பிறகு சரியானது.

எரிப்பதே எதற்கு என்பவன்:

எல்லோரும் எண்ணெயிலிருந்து கேஸுக்குத் தாவியதையே எழுதுகிறீர்கள். நாங்கள் வெளிக்காற்றிலுள்ள சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுத்துவரும் ஹீட் பம்ப் போட்டோம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு என்றார்கள், மிதமான குளிரில் கிட்டத்தட்ட வருகிறது, கடுங்குளிரில் இரண்டுதான். ஆனால் மெஷினைவிட மற்றவைதான் வேலை வாங்கின. டிரான்ஸ்ஃபார்மர் போதவில்லை. மொட்டைமாடி எடை தாங்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. இரவில் ஃபேன் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் புகார் கொடுத்தார், தடுப்புச் சுவர் எழுப்பினோம். பழைய எண்ணெய் பாய்லரில் ஒன்றை மட்டும் கடுங்குளிர் நாளுக்கென்று விட்டு வைத்திருக்கிறோம். போன சீசனில் அது 40 மணி நேரம் எரிந்தது. அதையும் எடுத்துவிடலாம் என்கிறார் முதலாளி, எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பராமரிப்பு ஆள்:

போய்ப் பார்த்தேன். தெருப்பக்கச் சுவரில், செடிக்குப் பின்னால், பச்சைப் பெயிண்ட் அடித்த மூடியோடு குழாய் வாய் அப்படியே இருக்கிறது. ஒன்றரை வருஷமாக நான் தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். உள்முனை இப்போதைய பேட்டரி அறையில் திறக்கிறது. வெல்டரைக் கூப்பிட்டு நாளைக்கே வரச் சொன்னேன், அப்புறம் மேலே அந்தப் புருவக் கதை நினைவுக்கு வந்து அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹாக்ஸா பிளேடு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதுவரை மூடிக்கு ஒரு பூட்டு.