அசையாமல் நிற்கும்போதே இரையும் செர்வோக்கள்: 17 மூட்டு மனித உருவ ரோபோவுக்கு உதவி தேவை

கேள்வி:
வணக்கம். அலுமினியச் சட்டங்களில் 17 எம்ஜி996ஆர் செர்வோக்களை, அதாவது சொன்ன கோணத்துக்கு மூட்டைத் திருப்பி நிறுத்தும் மோட்டார்களைப் பொருத்தி, ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றையும், செர்வோக்களுக்குச் சிக்னல் அனுப்பும் பிசிஏ9685 பலகைகள் இரண்டையும் கொண்டு இயக்குகிறேன். மின்னழுத்தம் 6 வோல்ட். நடக்கும்போது எழும் பல்சக்கரச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சும்மா நிற்கும்போதே கணுக்கால், முழங்கால் செர்வோக்கள் இரைந்துகொண்டிருப்பதும், சற்று நேரத்தில் அவற்றின் உறை கொதிப்பதும் கவலையளிக்கின்றன. கிரீஸ் மாற்றினால் போதுமா, டிஜிட்டல் செர்வோக்களை வாங்க வேண்டுமா?

மறுமொழி 1:
இரண்டும் இப்போது வேண்டாம். கிரீஸ், பல்சக்கரம் சுழலும்போது வரும் சத்தத்தைத்தான் குறைக்கும். டிஜிட்டல் செர்வோ தன் உள்ளிருக்கும் மோட்டாருக்கு அடிக்கடி மின்துடிப்பு கொடுப்பதால், சுமை இருந்தால் அதுவும் இரையும், அதுவும் இன்னும் கீச்சென்ற குரலில். முதலில் ரோபோவை இடுப்பைப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். சத்தம் அடங்கினால் காரணம் சுமை. அடங்காமல் துடிக்கும் செர்வோவுக்குக் காரணம் மின்சாரமோ சிக்னலோ.

கேட்டவர்:
நன்றி ஐயா. தூக்கியதும் கால்கள் அடங்கிவிட்டன. வலது தோள் மட்டும் விட்டுவிட்டுத் துடிக்கிறது. கீழே வைத்து, இடது பாதத்தின் வெளி விளிம்புக்கு அடியில் மடித்த தாளைச் செருகினால் இரைச்சல் பெருமளவு குறைகிறது.

மறுமொழி 1:
அந்தத் தாளே விடையைச் சொல்லிவிட்டது. இரு பாதங்களும் தரையில் ஊன்றியிருக்கும்போது இடுப்பு, கால்கள், தரை எல்லாம் சேர்ந்து ஒரு மூடிய வளையமாகிவிடுவதால், ஒரு கணுக்காலில் உள்ள சிறு கோணப் பிழையைக்கூட மற்ற செர்வோக்கள் எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. செர்வோ அச்சில் 25 பற்கள் இருப்பதால், கொம்பை (அச்சில் மாட்டும் கையை) ஒரு பல் மாற்றிப் பொருத்தினால் 14.4 டிகிரி நகர்ந்துவிடும். ஆகவே மீதிப் பிழையை நிரலில்தான் திருத்த வேண்டும். ஒவ்வொரு செர்வோவுக்கும் தனித் திருத்த எண் வைத்து, பக்கவாட்டில் சாயும் கணுக்கால், இடுப்பு மூட்டுகளிலிருந்து தொடங்குங்கள். 50 ஹெர்ட்சில் பிசிஏ9685 பலகையின் சிக்னலில் ஒரு படி 4.88 மைக்ரோ விநாடி, அதாவது ஏறத்தாழ அரை டிகிரி. அதற்கும் நுணுக்கமாக அதனால் திருத்த முடியாது. எஞ்சும் பிழையைப் பாதத்தின் அடியில் ஒட்டும் மெல்லிய ரப்பர் தாள் ஏற்றுக்கொள்ளும். நிற்கும் நிலையில் முழங்காலை எவ்வளவு நிமிர்த்துகிறீர்களோ அவ்வளவுக்கு அதன் சுமையும் குறையும்.

மறுமொழி 2:
தோள் செர்வோவின் பிளக்கை பிசிஏ9685 பலகையின் வேறு சேனலில் (செர்வோ இணைப்பு இடத்தில்) மாற்றிச் செருகி, நிரலிலும் அந்தச் சேனல் எண்ணை மாற்றிவிடுங்கள். துடிப்பு செர்வோவோடு போனால் உள்ளே கோணத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கலாம். நின்றுவிட்டால் பழைய சேனலின் பின்னையோ சாலிடரையோ பாருங்கள். இந்த வகைச் செர்வோ சுழல முடியாமல் முழுதாக முடங்கி நின்றால் 6 வோல்ட்டில் ஏறத்தாழ 2.5 ஆம்பியர் இழுக்கும் என்பதால், கால்களுக்கும் கைகளுக்கும் தனித்தனித் தடித்த கம்பிகள் கொடுத்து, தரைக்கம்பியை மட்டும் பொதுவாக இணைப்பது நல்லது. ஒவ்வொரு பலகையிலும் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் வையுங்கள். கைகள் தொங்கும் நிலையில் அவற்றின் சிக்னலை முழுவதுமாக நிறுத்திவிட்டால் சத்தம் மேலும் குறையும். கால்களில் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள், ரோபோ அப்படியே மடிந்து விழும்.