ஓஸில் பார், மீட்டரில் கிலோ

வண்டன்மேடு தம்பி: பெரியப்பா, நாளைக்குப் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) அடிக்க வேண்டும். மழைக்கு முன் முடித்தால்தான் ஏலக்காய் அழுகலுக்குத் தப்பும். புது ஓஸ் மேட்டுக்கு எட்டவில்லை. பழைய சிவப்பு ஓஸை அதோடு இணைக்கலாமா? தாங்கும் அழுத்தம் புதியதில் 40 பார், பழையதில் 300 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்று அச்சிட்டிருக்கிறது. பம்பு மீட்டர் 30 கிலோவில் நிற்கும்.

பெரியப்பா: இணைத்துவிடாதே தம்பி! 300 என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் அதுதான் வலுக் குறைந்த ஓஸ்.

கம்பம் அத்தை: 300 எப்படி அண்ணா 40-ஐவிடக் குறையும்?

பெரியப்பா: ஒரு பார் என்பது பதினான்கரை பி.எஸ்.ஐ. 300-ஐ அதால் வகுத்தால் 20.7 பார்தான் வருகிறது. மீட்டரில் நாம் கிலோ என்று சொல்வது, ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ எடை அழுத்துவது. அது 0.98 பார், 14.22 பி.எஸ்.ஐ. அந்தக் கணக்கில் பழைய ஓஸ் 21 கிலோதான் தாங்கும். நீ 30 வைக்கப் போகிறாய்.

வண்டன்மேடு தம்பி: பம்பு கீழே ஓடைக்கரையில் இருக்கிறது. பழையதை மேல் முனையில் மாட்டினால்? மேலே ஏற ஏற அழுத்தம் குறையுமே.

பெரியப்பா: குறையும். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ. உன் மேடு ஓடையிலிருந்து நேர் உயரத்தில் 60 மீட்டர் இருக்கும்; 6 போனாலும் 24 நிற்கிறது. மருந்து ஓடும்போது உராய்விலும் கொஞ்சம் போகும்தான். ஆனால் மருந்து தெளிக்கும் கன்னை மூடிய நொடியில் உராய்வு ஏது? முழு 24 கிலோவும் அந்த ரப்பரின் மேல் விழும். வெடித்தால் துத்தமும் சுண்ணாம்பும் பிடித்திருப்பவர் முகத்தில்தான் அடிக்கும். கண் போனால் வருமா? வேலைக்கு வருகிறவர்களை அப்படி நிறுத்தவே கூடாது.

கம்பம் அத்தை: எனக்கு டாக்டர் சொன்ன இரத்தக் கொதிப்பு 140-ம் இந்தக் கணக்குதானா?

போடி அக்கா: ஆமாம் அத்தை, அது பாதரச மில்லிமீட்டர். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர். உங்கள் 140-ஐக் கிலோவாக்கினால் 0.19. பாஸ்கல் என்ற அறிவியலாளர் 1648-இல் தன் அக்காள் கணவரைப் பாதரசக் குழாயோடு பிரான்சின் புய் தெ தோம் மலைக்கு ஏறச் சொன்னார். உச்சிக்குப் போனதும் காற்றின் அழுத்தம் குறைந்து பாதரசம் இறங்கியிருந்தது. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் எனக்குப் போடிமெட்டு நினைவுக்கு வரும். பாஸ்கல் அலகு அவர் பெயரில்தான். ஒரு லட்சம் பாஸ்கல் ஒரு பார்.

கம்பம் அத்தை: 0.19-க்கா உப்பைக் குறைக்கச் சொன்னார்?

போடி அக்கா: அலகை மாற்றினால் எண்தான் சிறியதாகும் அத்தை, இரத்தக் கொதிப்பு அப்படியேதான் இருக்கும். உப்பைக் குறையுங்கள்.

வண்டன்மேடு தம்பி: பழையதைத் தொடவில்லை பெரியப்பா. காலையில் கம்பம்மெட்டு வழியாக இறங்கிப் புது ஓஸ் வாங்கி வருகிறேன். மருந்து அடிப்பதை மறுநாள் வைத்துக்கொள்கிறோம்.

பெரியப்பா: நல்லது. 580 பி.எஸ்.ஐ. என்று போட்டிருந்தாலும் தயங்காமல் வாங்கு, அதுவும் 40 பார்தான். ஆனால் அது வேலை அழுத்தமா, வெடிக்கும் அழுத்தமா என்று கேட்டுக்கொள். வெடிக்கும் அழுத்தம் என்றால் அந்த ஓஸ் வேண்டாம்.