பேங்க் லாக்கரில் தங்கக் காசு வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து எழுதுகிறேன். மகளுக்காக நகைச் சீட்டு கட்டி, முதிர்வுக்கு வரும்போதெல்லாம் நகை வேண்டாம், காசாகவே கொடுங்கள் என்று வாங்கிச் சேர்த்து வருகிறேன். ஆரம், நெக்லஸ் என்று வாங்கினால் செய்கூலி, சேதாரம் போய்விடும். அவள் கல்யாண நேரத்தில் அவளுக்குப் பிடித்த டிசைனில் மாற்றிக்கொள்ளட்டும் என்பது என் எண்ணம். பவுன் விலை லட்சத்தை ஒட்டி வந்தபிறகு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியூர் போக மனம் வரவில்லை. அதனால்தான் லாக்கர்.

நான் முதலில் போன வங்கியில் மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "லாக்கர் இருக்கும்மா, ஒரு அஞ்சு லட்சத்துக்கு எஃப்.டி. போட்டுட்டீங்கன்னா உடனே பார்க்கலாம். கூட ஒரு இன்சூரன்ஸ் பாலிசியும் எடுத்துக்கங்க" என்றார். நானும் நிதானமாகவே கேட்டேன். "சார், மூணு வருஷ வாடகையும், தேவைப்பட்டா பெட்டியை உடைக்கிற செலவும் எவ்வளவோ அவ்வளவுக்குத்தானே டெபாசிட் கேட்கலாம்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு? காலிப் பெட்டி இல்லேன்னா காத்திருப்போர் பட்டியல்ல என் எண்ணை எழுத்துல கொடுங்க." அவர் சற்று யோசித்துவிட்டு விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தார், பட்டியல் எண்ணும் வந்தது. கொஞ்ச காலம் கழித்து அதே கிளையிலேயே பெட்டி கிடைத்தது. எஃப்.டி. போட்டது மூன்று வருஷ வாடகைக்கு ஈடான சின்னத் தொகைதான். பாலிசி எதுவும் எடுக்கவில்லை.

இந்த விதி 2021 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில் வந்தது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதைப் படித்துவிட்டுப் போனதால்தான் என்னால் பேச முடிந்தது. லாக்கர் கேட்டுப் போகிற பெண்கள், குறிப்பாகத் தனியாகப் போகிறவர்கள், இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எதிர்த்துப் பேச வேண்டியதே இல்லை, எழுத்தில் கேட்டால் போதும்.

ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பிரதி நமக்குத் தர வேண்டும், கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதில் ஒரு வரி என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி இவற்றால் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு, ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு. என் பெட்டி வாடகை 2000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. நூறு மடங்கு என்றால் 2 லட்சம். பவுன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பவுன்! பெட்டிக்குள் எவ்வளவு வைத்திருந்தாலும் கணக்கு அதே 2 லட்சம்தான். வெள்ளம், நிலநடுக்கம், இடி போன்றவற்றுக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாத பட்சத்தில், அதுவும் கிடையாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. நாமும் சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் இருந்தது என்பதற்குச் சாட்சி யார்? மற்றவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

*

கும்பகோணத்திலிருந்து:

அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்கு எங்கள் வீட்டில் நடந்ததுதான் பதில். அப்பா பெயரில் மட்டும் லாக்கர். சாவி பூஜை அறையில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்திலேயே இருக்கும், எல்லாருக்கும் தெரியும். அவர் போனபிறகு சாவியை எடுத்துக்கொண்டு அம்மா வங்கிக்குப் போனார். நாமினி போடவில்லை என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், வெளிநாட்டில் இருக்கும் அக்காவிடமிருந்து கையெழுத்து, தம்பியிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டது. எங்களுக்குள் சண்டை சச்சரவு எதுவும் இல்லாத குடும்பம். இருந்தும் அம்மா பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. தாலியைக் கழற்றிய கை, அந்தக் கையாலேயே படிவம் படிவமாகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

கடைசியில் பெட்டியைத் திறந்தபோது இரண்டு சாட்சிகளை வைத்து, ஒவ்வொரு பொருளாக எடுத்து எழுதினார்கள். அப்பாயி காலத்துச் சவரன்கள் இருந்தன, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டவை. சில 1918-ல் பம்பாயிலேயே அச்சடித்தவை, ஆண்டுக்கு மேலே சின்னதாக 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அந்தக் காசு 22 காரட், எடை எட்டுக் கிராமுக்கு ஒரு துளி குறைவு. பழைய மருந்துப் புட்டியில் பஞ்சு வைத்துப் போட்டு வைத்திருந்தார் அப்பா. அவற்றோடு ஒரு துண்டுச் சீட்டு, அதில் எந்தக் காசு யாருக்கு என்று அவர் கையெழுத்தில். சட்டப்படி அந்தச் சீட்டு உயில் ஆகாது. ஆனால் நாங்கள் மூவரும் அதில் எழுதியிருந்தபடியே பிரித்துக்கொண்டோம்.

இப்போது எங்கள் வீட்டில் யார் லாக்கர் எடுத்தாலும் இருவர் பெயரில்தான். இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாகத் திறக்கலாம், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் திறக்கலாம் என்ற முறையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நாமினியும் போட்டிருக்கிறோம். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. டெபாசிட்டில் இவருக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தும் எழுதலாம். லாக்கருக்கு அப்படி இல்லை, வரிசைதான்: முதலாமவர் இல்லாவிட்டால்தான் இரண்டாமவர். நாமினி என்பவர் பொருளை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்கிறவர், அவ்வளவே. வாரிசுகளின் உரிமை அதனால் போய்விடாது. இதைப் பிள்ளைகள் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுவது நல்லது.

*

கோயம்புத்தூரிலிருந்து, வங்கியில் லாக்கர் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன்:

மதுரை சகோதரி கேட்டது மிகச் சரியான கேள்வி. பல வருஷம் அந்த இரும்புக் கதவைத் திறந்து மூடியவன் என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

இரண்டு சாவி போட்டால்தான் பெட்டி திறக்கும். எங்களிடம் இருப்பது மாஸ்டர் சாவி, அதை முதலில் போட்டுத் திருப்புவோம். பிறகு உங்கள் சாவி. நாங்கள் வெளியே வந்துவிட வேண்டும். மூடும்போது உங்கள் சாவி மட்டும் போதும், அதனால்தான் அவசரத்தில் சிலர் சரியாகப் பூட்டாமலே போய்விடுகிறார்கள். பூட்டிய பிறகு கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நீங்கள் போனபிறகு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது பொறுப்பாளர் கடமை, பூட்டாமல் இருந்தால் பூட்டிவிட்டு உங்களுக்குத் தகவல் சொல்லிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆனாலும் உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போவது போல வராது.

முன்பு வைத்திருந்தவர் காலி செய்த பெட்டியை உங்களுக்குத் தருகிறார்கள் என்றால், பூட்டை மாற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். மாற்றித்தான் தர வேண்டும் என்பது விதி. நான் பணியில் இருந்தபோது இதைக் கேட்ட வாடிக்கையாளர்கள் மிகக் குறைவு. கேட்டவர்களின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

முகூர்த்த மாதங்களில் பார்க்க வேண்டும் கூட்டத்தை. கல்யாணம் ஞாயிறு என்றால் சனிக்கிழமை வருவார்கள். இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை என்பது கடைசி நேரத்தில் நினைவு வந்து வெள்ளி சாயங்காலம் மூடும் நேரத்தில் ஓடி வருவார்கள். மணப்பெண்ணின் அம்மா அழுதுகொண்டு நின்ற நாட்கள் உண்டு. கல்யாணத் தேதி குறித்த அன்றே காலண்டரில் லாக்கர் தேதியையும் குறித்துவிடுங்கள்.

இன்றைய விதிகள் இப்படி வந்ததற்கு ஒரு கொல்கத்தா முதியவர்தான் காரணம். அமிதாப தாஸ்குப்தா. அவருடைய அம்மா 1950-களில் எடுத்த லாக்கர் அது. 1994 செப்டம்பரில் வாடகை பாக்கி என்று சொல்லி, முன்னறிவிப்பு இல்லாமல் வங்கி அதை உடைத்துவிட்டது. 1995 மே மாதம் அவர் பெட்டியைத் திறக்கப் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. ஏழு நகை இருந்தது என்றார் அவர், இரண்டுதான் திரும்பி வந்தது. நுகர்வோர் மன்றங்களில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போராடினார். 2021 பிப்ரவரி 19-ல் தீர்ப்பு வந்தது. வங்கி அவருக்கு 5 லட்சம் ரூபாய் தர வேண்டும், ஆறு மாதத்துக்குள் ரிசர்வ் வங்கி விதிகள் வகுக்க வேண்டும் என்றார்கள். இன்று நீங்கள் பெட்டியைத் திறந்த அன்றே கைபேசிக்கு எஸ்.எம்.எஸ். வருகிறதே, காமிரா பதிவை 180 நாள் வைத்திருக்கிறார்களே, அதற்கெல்லாம் பின்னால் அந்த மனிதரின் பிடிவாதம் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: உள்ளே இருந்தவை எவை என்ற கேள்வியை உச்ச நீதிமன்றமே முடிவு செய்யவில்லை, சாட்சியங்களை விசாரிக்கும் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னது. அவரிடம் நியாயம் இருந்தது, பெட்டிக்குள் இருந்ததற்குப் பட்டியல் இருந்திருந்தால் எவ்வளவு வலுவாக இருந்திருக்கும்!

அதனால், பெட்டியில் வைக்கும் முன்பு ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். உறையில் வரிசை எண் இருந்தால் அது தெளிவாகத் தெரியட்டும். பில்லோடு சேர்த்து வைத்து ஒரு படம். பில் அசலைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், காசு போனால் பில்லும் கூடவே போய்விடும். வீட்டில் ஓர் உறையில், பிள்ளைகளுக்குத் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

கும்பகோணம் தம்பிக்கு: இறந்தவர் லாக்கர் விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் புதிய நெறிமுறை வெளியிட்டது. தேவையான காகிதங்கள் எல்லாம் கொடுத்த 15 நாளுக்குள் வங்கி நடவடிக்கை எடுக்க வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5000 ரூபாய் இழப்பீடு. உங்கள் தாயாருக்கு அது அப்போது கிடைத்திருக்க வேண்டும்.

*

சென்னை, தாம்பரத்திலிருந்து:

காசைப் பற்றியே ஒன்று சேர்க்கிறேன். வருமான வரிச் சோதனையில் மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாதவருக்கு 250, ஆணுக்கு 100 வரை பறிமுதல் செய்ய மாட்டார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். அது 1994-ல் வந்த அறிவுரை, அதில் சொல்லியிருப்பது நகைகளும் ஆபரணங்களும். காசு, கட்டி அதில் வராது. காசு வைத்திருப்பவருக்கு பில் இன்னும் அதிகமாக வேண்டும் என்பது அதனால்தான். பரிசாக வந்த காசு என்றால் கொடுத்தவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பது நல்லது. விற்கும்போதும் பில் உதவும். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தின் மேல் 12.5 சதவீத வரி, வாங்கிய விலை தெரிந்தால்தானே லாபம் தெரியும்?

வங்கியில் வாங்கிய காசை வங்கியிடமே விற்கலாம் என்று என் சித்தப்பா நம்பிக்கொண்டிருந்தார். வங்கிகள் விற்கும், திரும்ப வாங்காது. நகைக் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே உறை பிரிக்காத காசு என்றால் பேச்சு சீக்கிரம் முடிகிறது. அவசரத்துக்கு அடகு வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று: காசுக்கு 50 கிராம் வரைதான் கடன், கட்டிக்குக் கிடையாது.

லாக்கரில் ரொக்கம் வைக்காதீர்கள். ஒப்பந்தமே அனுமதிக்கவில்லை.

*

மதுரை:

எல்லாருக்கும் நன்றி. கோவை ஐயா சொன்னபடி நேற்று சாயங்காலம் மகளும் நானும் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, காசுகளை வைத்துப் படம் எடுத்தோம். வரிசை எண்களை அவளே எழுதினாள். அசல் பில்கள் வீட்டில். இன்னொரு பிரதி என் தம்பி வீட்டில். நாமினியில் அவள் பெயர் முதலில், தம்பி பெயர் இரண்டாவதாக.

தாம்பரம் நண்பருக்கு ஒரு கேள்வி: நகைச் சீட்டில் வாங்கிய காசுகள் சில சாதாரணப் பிளாஸ்டிக் கவரில்தான் வந்தன, எண் எதுவும் இல்லை, ஹால்மார்க் முத்திரை மட்டும் இருக்கிறது. கடையில் கேட்டால் எடை, காரட் எழுதிச் சான்று தருவார்களா? அடுத்த வாரம் கடைக்குப் போகிறேன், அதற்குள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.