தங்கை மகளைத் தத்தெடுப்பதும் தங்கையின் விவாகரத்தும்: எப்படிப்பட்ட வக்கீலை அமர்த்துவது?

பொருநைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41, என் கணவருக்கு 45. திருமணமாகிப் பதினாறு ஆண்டுகள் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் கணவரைப் பிரிந்த என் தங்கை, மகளை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டிற்கே வந்துவிட்டாள். குழந்தைக்கு இப்போது ஏழு வயது. தங்கை மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பதால், குழந்தையை எழுப்பித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது முதல் இரவு உறங்க வைப்பது வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பள்ளி நாட்குறிப்பில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் என் பெயரை எழுதி, அதன் கீழே ‘பெரியம்மா’ என்று சிறிய எழுத்தில் சேர்த்து வருகிறேன்.

கோவையில் இருக்கும் தங்கையின் கணவர் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு இசைந்திருக்கிறார். குழந்தையை நாங்களே தத்தெடுத்துக்கொள்ளலாம் என்று தங்கையும் சொல்கிறாள். சென்ற வாரம் சந்தித்த வக்கீல் ஒருவர், ‘குழந்தையின் மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை’ என்று விவாகரத்து மனுவிலேயே தந்தை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், பிறகு தாய் மட்டும் கையொப்பமிட்டுத் தத்துப் பத்திரம் பதிந்துவிடலாம் என்றார். எல்லாவற்றிற்கும் சேர்த்து ஒரே தொகை கேட்டார். வக்காலத்துப் படிவத்தோடு சில வெற்றுத்தாள்களிலும் தங்கையிடம் கையொப்பம் வாங்க முற்பட்டதால், யோசித்துச் சொல்கிறோம் என்று திரும்பி வந்துவிட்டோம். அவர் சொன்னது சரிதானா? வக்கீலைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

மதுரை வழக்கறிஞர் (பதில்)

சகோதரி, கையொப்பமிடாமல் திரும்பி வந்தது மிக நல்ல காரியம். நீங்கள் இந்துக்கள் என்று கொண்டு எழுதுகிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, குழந்தையைத் தத்துக் கொடுக்கும் உரிமையைத் தாய்க்கும் தந்தைக்கும் சமமாக வழங்கியிருக்கிறது. 2010இல் வந்த திருத்தம் அதைத் தெளிவாக்கியது. ஆனால் ஒருவர் தத்துக் கொடுக்க மற்றவரின் சம்மதம் கட்டாயம் வேண்டும். மற்றவர் முற்றாகத் துறவு பூண்டிருந்தாலோ, இந்துவாக இல்லாமல் போயிருந்தாலோ, மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தாலோ மட்டுமே அந்தச் சம்மதம் தேவையில்லை. விவாகரத்து இந்த விலக்குகளில் ஒன்றாகச் சொல்லப்படவில்லை. விவாகரத்து மனுவில் எழுதப்படும் பொதுவான ஒரு வரியை நம்பித் தத்துப் பத்திரம் பதிந்துவிட்டு, பத்து ஆண்டுகள் கழித்துச் சொத்துத் தகராறிலோ பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ அது கேள்விக்குள்ளாகும்படி விடக் கூடாது. தந்தை தத்துப் பத்திரத்திலேயே சம்மதம் தெரிவித்துக் கையொப்பமிடட்டும்.

மற்ற நிபந்தனைகளில் உங்களுக்குத் தடையேதும் தெரியவில்லை. குழந்தை பதினைந்து வயதைக் கடக்கவில்லை. உங்களுக்கு வேறு மகள் இல்லை. பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் ஆண் அவளைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராக இருக்க வேண்டும் என்ற விதியும் நிறைவேறுகிறது. குழந்தையை உண்மையாகவே கொடுத்துப் பெற்றுக்கொள்ளும் நிகழ்வு நடந்திருக்க வேண்டும். கொடுப்பவரும் பெறுபவரும் கையொப்பமிட்ட பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால், தத்து முறைப்படி நடந்ததாகவே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். மறுப்பவர்தான் அதைப் பொய்யென்று நிரூபிக்க வேண்டும்.

ஆகவே, வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தைப் பற்றி அல்ல. எந்தச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கிறோம், யார் யார் கையொப்பமிட வேண்டும், எந்த ஊரில் மனுத் தாக்கல் செய்யலாம் என்ற மூன்றுக்கும் அவர் பிரிவுகளைச் சுட்டி விடை சொல்ல வேண்டும். உங்கள் தங்கை திருநெல்வேலியில் வசிப்பதால் அங்கேயே விவாகரத்து மனுவைத் தாக்கல் செய்யலாம். குழந்தையின் கஸ்டடி தொடர்பான மனுவும் குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் நீதிமன்றத்திற்கே போகும். எனவே, அந்த ஊர் நீதிமன்றத்தில் நாள்தோறும் வழக்கு நடத்துபவராகப் பாருங்கள். குடும்ப நல நீதிமன்றத்தில் வக்கீல் மூலம் வழக்காடுவது உரிமையன்று, நீதிமன்றத்தின் அனுமதியைப் பொறுத்தது. ஆலோசகர் முன்னும் நீதிபதி முன்னும் உங்கள் தங்கையே பேச வேண்டியிருக்கும். அவளுக்குப் புரியும்படி தமிழில் விளக்கிச் சொல்லாத வக்கீல், எத்தனை பெயர் பெற்றவராக இருந்தாலும், இந்த வழக்குக்கு உதவ மாட்டார்.

வைகைவாசி (பதில்)

வெற்றுத்தாளில் கையொப்பமிட்டு அவதிப்பட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் விவாகரத்து மனு ஆங்கிலத்தில் தட்டச்சாகி வந்தது. குமாஸ்தா பென்சிலால் குறியிட்ட இடங்களிலெல்லாம் கையொப்பமிட்டேன். நாங்கள் பிரிந்து வாழத் தொடங்கிய தேதி அதில் தவறாக இருந்தது. பரஸ்பர சம்மத மனுவுக்குத் தாக்கல் நாளில் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பதால், அந்த ஒரு தேதியைத் திருத்துவதற்கே பல வாய்தாக்கள் போயின. மனுவின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு தேதியையும் பெயரையும் பிறப்புச் சான்றிதழோடும் திருமணப் பதிவோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையொப்பமிடச் சொல்லுங்கள்.

பிறகு வக்கீலை மாற்ற விரும்பியபோது, பாக்கிப் பணத்தைச் சொல்லி என் வழக்குக் கட்டைத் தர மறுத்தார். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருப்பது எனக்கு அப்போது தெரியாது. வழக்குக்கு எண் கிடைத்த பிறகு, அதன் தனி அடையாளமான 16 இலக்கச் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பாருங்கள். அடுத்த வாய்தா எப்போது, கடைசியாக என்ன நடந்தது என்பதை நீங்களே அறியலாம். கொடுக்கும் தொகைக்கு ரசீது வாங்குங்கள். மனுத் தயாரிப்புக்கு எவ்வளவு, தத்துப் பத்திரத்திற்கு எவ்வளவு என்று தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

குமரிமுனை (பதில்)

நாங்கள் கிறித்தவர்கள். என் மறைந்த அண்ணனின் மகனைத் தத்தெடுத்தோம். இந்துச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாததால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி உறவினர் தத்தெடுப்பாகவே செய்ய வேண்டியிருந்தது. பெற்றோருடன் பிறந்தவர்களும் தாத்தா பாட்டியரும் அந்தச் சட்டத்தில் உறவினர் ஆவர். தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிவு செய்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாக விண்ணப்பித்தோம். 2021ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் தத்தெடுப்பு ஆணையை வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். குழந்தைக்கு ஐந்து வயது நிறைந்திருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். எங்களுக்கு அந்த அலுவலகத்தின் உதவியே போதுமானதாக இருந்தது. இந்துக்களும் இந்த வழியில் போகலாம் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லக்கூடிய வக்கீலாகப் பாருங்கள், அக்கா.

பொருநைக்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரு தரப்புக்கும் ஒரே வக்கீல் இருக்கலாமா? தத்துக்குப் பிறகு தங்கைக்குக் குழந்தையின் மீது என்ன உரிமை இருக்கும்?

மதுரை வழக்கறிஞர்

பரஸ்பர சம்மத வழக்குகளில் ஒரே வக்கீல் இருவருக்கும் மனு எழுதுவது நடைமுறையில் உண்டு. ஆனால் இங்கே குழந்தையைக் குறித்த முடிவும் சேர்ந்திருப்பதால், தங்கைக்குத் தனி வக்கீல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு நேராகவே விடை சொல்லிவிடுகிறேன். தத்து முடிந்த நாளிலிருந்து சட்டத்தின் கண்ணில் நீங்களே அந்தக் குழந்தையின் தாய். உங்கள் தங்கை சித்தி. முறைப்படி நடந்த தத்தைப் பிறகு ரத்து செய்ய முடியாது. பெற்ற தந்தையிடம் குழந்தைக்காகப் பராமரிப்புத் தொகை கேட்கும் வழியும் அத்துடன் அடைபடும். விவாகரத்துக்குப் பின் தங்கை மறுமணம் செய்துகொள்ளலாம், செய்யாமலும் இருக்கலாம். பள்ளிக் கையொப்பம், மருத்துவச் சம்மதம் ஆகியவைதான் இப்போதைய சிக்கல் என்றால், 1890ஆம் ஆண்டின் காப்பாளர்கள் சட்டத்தின் கீழ் உங்களைக் காப்பாளராக நியமிக்கக் கோரும் வழி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அதில் தாயின் உறவு அறுபடாது. தங்கை இதைத் தனியாக, நீங்கள் உடனில்லாத நேரத்தில், தன் வக்கீலிடம் பேசித் தெளிய வேண்டும்.

பொருநைக்கரை

உங்கள் பதிலைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். ‘சித்தி’ என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். பிறகு பணிக்குக் கிளம்பும் வரை அவள் பேசவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, விவாகரத்து மனுவை மட்டும் இப்போது போடலாம், மற்றதை யோசிக்கிறேன் என்றாள். திங்கட்கிழமை சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகிறாள். அவள் விரும்பியபடி, நான் வெளியே காத்திருப்பேன்.