2012-ஆம் ஆண்டுக் கணினி வேலையின் நடுவே அணைந்துவிடுகிறது: போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: டிடிபி கடைக்காரர், கும்பகோணம்

வணக்கம். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா நோட்டீஸ் முதலியவற்றை வடிவமைத்துத் தரும் சிறிய கடை ஒன்றை நடத்திவருகிறேன். 2012-இல் அசெம்பிள் செய்து வாங்கிய ஒரே கணினியில்தான் இன்றுவரை எல்லா வேலையும் நடக்கிறது. இன்டெல் கோர் ஐ3-2120 பிராசசர், எச்61 சிப்செட் உள்ள மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம் ஒன்று, 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7 (32 பிட்) ஆகியவை இதில் உள்ளன. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7-இலும் பழைய தமிழ் எழுத்துருக்களிலும் வேலை பார்ப்பதால் புதிய கணினிக்கு மாறத் தயங்கிக்கொண்டே இருந்துவிட்டேன்.

மூன்று மாதங்களாகப் பெரிய பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கும்போது எந்த எச்சரிக்கையும் இல்லாமல், நீலத்திரை கூட வராமல், கணினி அப்படியே அணைந்துவிடுகிறது. மதியத்துக்கு மேல் இது அதிகம். காலையில் கடை திறந்து சுவிட்சை அழுத்தினால் விசிறி இரண்டு வினாடி சுற்றி நின்றுவிடுகிறது. மூன்றாவது, நான்காவது முறைதான் ஓடத் தொடங்குகிறது. தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது. விண்டோஸ் திறக்க ஏழு நிமிடம் ஆகிறது. கேபினட்டின் பின்புறத்தை வெறுங்காலோடு நின்று தொட்டால் லேசாகச் சுருக்கென்று அடிக்கிறது.

இங்குள்ள சர்வீஸ் கடை ஒன்றில் திறந்தும் பாராமல், போர்டு போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள் என்றார்கள். 6,000 ரூபாய்வரை செலவு செய்ய முடியும். ராமை 8 ஜிபி ஆக்கி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி போட்டால் இந்தக் குறைகள் தீருமா? தை மாத முகூர்த்தங்களுக்கான வேலைகள் கையில் இருப்பதால் விவரமாகச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: ஹார்டுவேர் பணியாளர், திருச்சி

வணக்கம் ஐயா. இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது ஒரு நோயின் அறிகுறிகள் அல்ல; மூன்று, நான்கு தனித்தனிக் கோளாறுகள் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டதால் போர்டே போய்விட்டதுபோலத் தோன்றுகிறது. ராமும் எஸ்எஸ்டியும் போட்டாலும் அணைந்துபோகும் கணினி அணைந்துகொண்டேதான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, இன்றே கோப்புகளை ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். பேஜ்மேக்கர் கோப்புகளை மட்டும் எடுத்தால் போதாது. பெரிய படங்கள் பெரும்பாலும் கோப்புக்குள் இல்லாமல் இணைப்பாகவே இருக்கும் என்பதால் படங்கள் உள்ள ஃபோல்டர்களும் வேண்டும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அமைத்த பக்கம், அதே எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் கலவையாகத்தான் தெரியும். ஆகவே விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் முழுமையாக எடுத்துவையுங்கள். கோப்புகள் வெளியே வரும்வரை, டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்ட வேண்டாம். தேய்ந்துபோன டிஸ்க்கை அது மூலைமுடுக்கெல்லாம் படிக்கவைத்து, மிச்சமிருக்கும் ஆயுளையும் குறைத்துவிடக்கூடும்.

தேதி மாறுவதற்குப் போர்டில் உள்ள சிஆர்2032 செல் காரணம். 3 வோல்ட் செல் அது. மல்டிமீட்டரில் இரண்டரைக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். செல்லைக் கழற்றினால் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) அமைப்புகள் அழிந்துவிடும் என்பதால், அதற்கு முன் பயாஸில், டிஸ்க் இணையும் முறையைக் குறிக்கும் சாட்டா மோட் என்ற இடத்தில் ஐடிஇ என்று இருக்கிறதா, ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா எனப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது மாறிவிட்டால் விண்டோஸ் 7 நீலத்திரை காட்டி நின்றுவிடும். பிறகு அதற்கும் போர்டைத்தான் குறை சொல்வார்கள்.

நீலத்திரை இல்லாமல் அணைவதற்குச் சூடு, மின்சாரம் ஆகிய இரண்டில் ஒன்றோ இரண்டுமோ காரணமாக இருக்கலாம். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பக்கக் கதவைக் கழற்றி, பிராசசர் மேல் சூட்டை வெளியேற்ற வைத்திருக்கும் ஹீட்சிங்க்கைப் பாருங்கள். இன்டெல் கொடுக்கும் வட்ட ஹீட்சிங்க்கை நான்கு பிளாஸ்டிக் முள்கள்தாம் போர்டோடு பிடித்துவைத்திருக்கும். ஒவ்வொரு மூலையையும் விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு முள் நழுவியிருந்தாலும் அந்த மூலை மேலெழும்பும். பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் பத்தாண்டுக்கு மேல் ஆனால் சுண்ணாம்புக் காரைபோலக் காய்ந்திருக்கும். சூடு ஏறினால் பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் தாங்காவிட்டால்தான் அணையும். உங்கள் கணினியின் மந்தத்திலும் இதற்குப் பங்கு இருக்கலாம்.

காலையில் இரண்டு வினாடி சுற்றி நிற்பதற்கு, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மீதுதான் என் முதல் சந்தேகம். உள்ளேயுள்ள கெப்பாசிட்டர்கள் முதுமை அடைந்தால் குளிர்ந்த நிலையில் தடுமாறி, சிறிது சூடானபின் வேலை செய்யும். கணினி ஓடும்போது நான்கு துளை மின் இணைப்பில் கறுப்புக் கம்பிக்கும் மஞ்சள் கம்பிக்கும் இடையே அளந்து பாருங்கள், 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வரை. சும்மா இருக்கும்போது மட்டும் அளக்காமல், பிடிஎஃப் ஆகிக்கொண்டிருக்கும்போதும் அளக்க வேண்டும். இந்த அளவு சரியாக வந்தாலும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் சாதாரண மீட்டர் மின்னழுத்த நடுக்கத்தைக் காட்டாது. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக மாற்றி 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் அதனுள் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கியபிறகும் அது சிறிது நேரம் ஆளை அடிக்கும்.

டிஸ்க்கின் நிலையை அறிய கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி போதும். அதில் 05 (மாற்றிடம் தரப்பட்ட கெட்ட இடங்கள்), சி5 (மாற்றிடத்துக்குக் காத்திருப்பவை), சி7 (கேபிள் வழிப் பிழைகள்) என்ற வரிசைகளின் எண்களை இங்கே எழுதுங்கள்.

மறுமொழி: எலக்ட்ரீஷியன், நாகர்கோவில்

கைக்குச் சுருக்கென்று அடிப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின்கம்பிகளுக்கும் இரும்புப் பெட்டிக்கும் இடையே சிறிய வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இணைப்பு சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் உடம்பில் ஏறத்தாழ பாதி மின்னழுத்தம் வந்து நிற்கும். ஆகவே கணினி மாற்றினாலும் இந்தத் தொல்லை மாறாது. பிளக் பாயின்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வரும் அதே அளவு ஏறத்தாழ வர வேண்டும். பழைய கடைக் கட்டடங்களில் மூன்று துளைப் பிளக் இருக்கும், ஆனால் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. யூபிஎஸ் வைத்திருந்தால் இரண்டு முள் எக்ஸ்டென்ஷன் எதுவும் இடையில் இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

ஹீட்சிங்க்கின் நான்கு முள்களில் ஜன்னல் பக்கம் இருந்த ஒன்று முழுவதும் வெளியே வந்திருந்தது. விசிறியைக் கழற்றியபோது அதற்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசு கம்பளித் துணிபோல ஒரே வட்டமாக உரிந்து வந்தது. பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்து, முள்களை எதிரெதிர் மூலையாக அழுத்திப் பொருத்தினேன். பிடிஎஃப் ஆகும்போது 91 டிகிரி காட்டிய இடத்தில் இப்போது 58 காட்டுகிறது.

மஞ்சள் கம்பியில் சும்மா இருக்கும்போது 11.78, வேலை நடக்கும்போது 11.2 வந்தது. மைத்துனரின் கணினியிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டினேன். நான்கு நாளாகக் காலையில் முதல் அழுத்திலேயே ஓடுகிறது. ஒருமுறை கூட அணையவில்லை. செல் 2.1 வோல்ட் காட்டியதால் மாற்றிவிட்டேன்.

டிஸ்க்தான் கவலையாக இருக்கிறது. 05-இல் 16, சி5-இல் 48, சி7-இல் 0. கோப்புகளை எடுத்துவிட்டேன், இரண்டு பழைய படங்கள் மட்டும் வரவில்லை. கடையின் பிளக்கில் எர்த் கம்பி இல்லை என்பதும் உறுதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார். இனி 6,000 ரூபாயை எதற்குச் செலவிடுவது?

மறுமொழி: கணினி ஆய்வகப் பொறுப்பாளர், மதுரை

போர்டு தப்பித்ததில் மிகுந்த மகிழ்ச்சி. முதல் செலவு புதிய எஸ்எம்பிஎஸ். உங்கள் பிராசசர் 65 வாட் வகை, தனி கிராபிக்ஸ் கார்டும் இல்லை. அதனால் பெட்டியில் அச்சிட்ட பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 400, 450 வாட் போதும், ஆனால் லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று தெளிவாகப் போட்டிருக்கிற, மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் சான்று உள்ளதாகப் பாருங்கள். கேபினட்டோடு இலவசமாக வரும் இலேசான பெட்டிகளால்தான் பல நல்ல போர்டுகள் வீணாகின்றன.

இரண்டாவது எஸ்எஸ்டி. சி5-இல் 48 என்றால், படிக்க முடியாமல் போய் மாற்றிடத்துக்காகக் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) 48 இருக்கின்றன என்று பொருள். அந்த டிஸ்க்கை இனி நம்பக் கூடாது. எச்61 சிப்செட் வினாடிக்கு 3 கிகாபிட் சாட்டாவை மட்டுமே தரும் என்பதால், வினாடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் படிக்கக்கூடிய எஸ்எஸ்டி உங்கள் போர்டில் 270 அளவோடு நின்றுவிடும். அதற்காக வருந்த வேண்டாம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றை முடிக்கவே 8.3 மில்லிவினாடி ஆகிறது. தகவல் இருக்கும் இடம் முள்ளுக்கு அடியில் வரும்வரை காத்திருந்துதான் படிக்க முடியும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளுக்கு இந்தக் காத்திருப்பு தனித்தனியாக நேர்கிறது. எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பு மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ஏழு நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் வருவது இதனால்தான். என்விஎம்இ என்ற புதுவகை எஸ்எஸ்டியை யாராவது சிபாரிசு செய்தால் வாங்க வேண்டாம், இந்தப் போர்டின் பயாஸுக்கு அதிலிருந்து தொடங்கத் தெரியாது.

ராமைப் பொறுத்தவரை இப்போது ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. 32 பிட் விண்டோஸ் 7 அதிகபட்சம் 4 ஜிபியைத்தான் முகவரியிட முடியும், அதிலும் ஒரு பகுதி கிராபிக்ஸுக்கும் மற்ற சாதனங்களுக்கும் போய்விடும். கம்ப்யூட்டர் ஐகான் மேல் மவுஸின் வலது பொத்தானைச் சொடுக்கிப் பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் 4 ஜிபிக்குப் பக்கத்தில் மூன்று சொச்சம் என்று எழுதியிருக்கும். 8 ஜிபி போட்டாலும் அந்த எண் ஏறாது. பிராசசரை ஐ5 ஆக மாற்றுவதும் பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளுக்குப் பெரிதாக உதவாது. அதற்குப் பல கோர்களைப் பயன்படுத்தத் தெரியாது.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14-உடன் பொதுவாக நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பிராசசரை ஏற்காது. ஆகவே இந்தக் கணினியைப் பேஜ்மேக்கருக்கென்றே ஒதுக்கி, இணையக் கேபிளைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மறுமொழி: லினக்ஸ் பயனர், கோவை

மதுரை நண்பர் சொல்வதில் ஒன்றை மட்டும் நான் மாற்றிச் சொல்வேன். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவும் விவரமும் இல்லாமல் பத்திரிகைக் கடை நடக்காது. அதே எஸ்எஸ்டியில் பின்னர் ஒரு பகுதி ஒதுக்கி 64 பிட் லினக்ஸ் மின்ட் நிறுவிக்கொண்டால் இணைய வேலையை அதில் பார்க்கலாம். அங்கே 8 ஜிபி ராம் முழுமையாகப் பயன்படும். அப்போது வாங்குவதாக இருந்தால், ஏற்கெனவே உள்ளதைப் போன்ற இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 1333 அல்லது 1600 ராமை இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள், இரண்டு ராமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் இரட்டைச் சேனலும் கிடைக்கும். மலிவாகக் கிடைக்கும் 8 ஜிபி ராம்களில் ஏஎம்டிக்கு மட்டும் என்று எழுதியிருப்பவை இன்டெல் போர்டில் வேலை செய்யாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் இதைக் கேட்டுத் தெளிந்துகொண்டே பணம் கொடுங்கள். போட்டபின் ஓர் இரவு முழுவதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓடட்டும், ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மறுமொழி: ஹார்டுவேர் பணியாளர், திருச்சி

கோவை நண்பரின் யோசனை நல்லதே, ஆனால் முகூர்த்த வேலைகள் முடிந்தபிறகு செய்யுங்கள். இப்போது பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பதுதான் அவசரம். இதற்கு 480 ஜிபி எஸ்எஸ்டி போதாது, 500 ஜிபி என்று விற்பதையே கேட்டு வாங்குங்கள். உங்கள் டிஸ்க்கில் உள்ள செக்டர்களின் எண்ணிக்கை 480-இல் அடங்காது, 500-இல் சரியாக அடங்கும். சாதாரண குளோன் மென்பொருள்கள் பல, படிக்க முடியாத இடம் வந்ததும் நின்றுவிடும். லினக்ஸ் பென்டிரைவில் தொடங்கி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். அது நன்றாக உள்ள பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்பதை ஒரு கோப்பில் குறித்தும் வைக்கும், மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது மூலம், எது நகல் என்பதை டிஸ்க்கின் மாடல் எண்ணைப் படித்து உறுதிசெய்த பிறகே கட்டளையை இடுங்கள், ஏனெனில் இரண்டும் இடம் மாறினால் காலியான எஸ்எஸ்டி உங்கள் டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும்.

நகல் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் சேர்ந்து இருந்தால் விண்டோஸ் குழம்பும். எல்லாம் ஓடுவதைப் பார்த்தபின் பழைய டிஸ்க்கில் தேதி எழுதி ஒட்டி, வரும் தைப்பொங்கல்வரையாவது அழிக்காமல் பீரோவில் வைத்திருங்கள்.